கல்லில் வலம்புரி

தனுஷ்கோடியில் கப்பலைவிட்டு இறங்கியதும் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, வேட்டிகளுக்கு அடியில் காகிதம் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து, "இதென்ன?" என்றார். "கல்" என்றேன். இலங்கையிலிருந்து வருகிறவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் பக்கத்து மேசைக்காரரும் எழுந்து வந்துவிட்டார். இரத்தினக் கல்லை எதிர்பார்த்து அவர்கள் ஆவலோடு பிரித்த காகிதத்துக்குள், கீரிமலைக் கரையில் நான் பொறுக்கிய சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று சிப்பித் தழும்போடு கிடந்தது.

"இதை எதுக்கு சார் கடல் தாண்டிக் கொண்டு வர்றீங்க?"

"இந்தக் கரையில் இதற்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடிச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் நான் சொன்னது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடி அலுமாரி வாங்கியிருந்தார்கள். அதற்குள் பஞ்சடைத்த முதலைக்குட்டி ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. எங்கள் ஊர்த் தரையும் இராமேசுவரத்துக் கரையும் கடல் கட்டியவை. இரண்டிலும் பழைய கடலின் சிப்பியும் சங்கும் பவளமும் கல்லாகிக் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பள்ளிக்கூட அதிபர் விடுமுறையைத் தந்தார், செலவைத் தரவில்லை.

பாம்பனில் தங்கினேன். காலையில் பலகாரக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். "இட்லியா?" என்று கேட்ட கடைக்காரரிடம் ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி "ஓம்" என்றேன். அவர் பயபக்தியோடு "நமசிவாய" என்று முடித்துவிட்டு உள்ளே போனார். யாத்திரைக்காரர்கள் வந்துபோகிற ஊரில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. இட்லி நன்றாகவே இருந்தது. ஆனால் கேட்காமலே அதன் தலையில் சாம்பாரைக் கொட்டிவிடுகிறார்கள். இடித்த தேங்காய்ச் சம்பலை ஓரமாக வைத்து வேண்டிய அளவு தொட்டுக்கொண்டு பழகிய எனக்கு, இலையில் இட்லி குளிப்பதைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. காப்பிக்கு மட்டும் எங்கள் தேத்தண்ணீர் கிட்ட நிற்க முடியாது. இதை ஊரில் போய்ச் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கடைக்காரரிடம், "இந்தப் பக்கம் நல்ல பாறை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு வலையில பாறை விழல சார். விளமீன்தான் கிடக்கு" என்றார் அவர்.

பாறை என்பது மீனுக்கும் பெயர் என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் அதைத்தான் குழம்பு வைக்கிறோம். கல்லைத் தேடி வந்த மயக்கத்தில் மறந்துபோனேன். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மெலிந்த மனிதர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏலே, அவுக மீனக் கேக்கல. கல்லக் கேக்குறாக" என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில வண்டி பூட்டுறேன். கல்லு பாக்கணும்னா வடகரைக்குப் போகணும்" என்றார்.

அவர் பெயர் காதர். மாட்டு வண்டி வைத்திருந்தார். வண்டியும் அவர் வேட்டியும் ஒரே வெள்ளையாக இருந்தன. சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல் ஏற்றிப் போவதுதான் அவருக்குத் தொழில். கல் பாரம் இல்லாத நாளில் யாத்திரைக்காரர் பாரம் ஏற்றுவார். பவளக்கல்லைச் சுட்டால் பால் போன்ற சுண்ணாம்பு கிடைக்குமாம். மதுரை வரைக்கும் வீட்டுச் சுவர்களெல்லாம் இந்தக் கரையின் வெள்ளைதான் என்று பெருமையாகச் சொன்னார். நான் தேடி வந்ததைத்தான் அவர் தினமும் சுடக் கொண்டுபோகிறார் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வடகரைக்குப் போகும் வழியில் வண்டிச் சக்கரம் மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. காதர் மாட்டோடு கதைத்துப் பார்த்தார், கெஞ்சினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோளால் தள்ளினேன். "கல்லு ஏத்துனாக்கூட இப்பிடி நின்னதில்ல. படிச்சவுக கனம் அதிகம்போல" என்றார். வண்டி நகர்ந்த பிறகும் என்னை ஏறச் சொல்லவில்லை. மாட்டின் மேல் அவ்வளவு கரிசனம்.

வடகரைக் கல்மேட்டைக் கண்டதும் எனக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. கரையை ஒட்டி நெஞ்சளவு உயரத்தில் நீண்ட மதில் போலக் கிடந்தது அது. ஒரு காலத்தில் கடல் இப்போதைவிட மேலே நின்றபோது அதனுள் வளர்ந்த பவளம், கடல் இறங்கியதும் வெயிலில் மாட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் சில இடம் பணியாரச் சட்டி போலக் குழிகுழியாக இருந்தது. சில இடத்தில் சிப்பிகள் வாயை மூடியபடியே கல்லுக்குள் அடுக்கடுக்காக நின்றன. கீரிமலைத் துண்டை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என் துண்டு எவ்வளவோ மூத்தது. ஆனாலும் ஒரு குடும்பத்து முகச்சாயல் தெரிந்தது. சுங்க அதிகாரியைக் கூட்டி வந்து காட்டவேண்டும் போலிருந்தது.

மேட்டுக்கு உள்பக்கம் பத்துப் பதினைந்து குடிசைகள். அதன் முன்னால் மணலில் தோண்டிய ஓர் ஊற்று. ஊற்றோரம் குந்தியிருந்து பனையோலைப் பட்டையால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நடுத்தர வயது அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் சிலுவை கோத்த கயிறு. "யாரு காதரு, விருந்தாளா?" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்பே செம்பில் தண்ணீர் நீட்டினார்.

கடலிலிருந்து இருபது முப்பது அடி தூரத்தில் இருக்கும் ஊற்று. உப்பாகத்தான் இருக்கும் என்று மரியாதைக்கு ஒரு மிடறு குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. கிணற்றுத் தண்ணீரை வைத்தே பெண் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஊரிலிருந்து வருகிறவன் நான். இந்த ஊற்றைக் கண்டால் எங்கள் ஊரில் இந்தக் குடிசைகளுக்கே பெண் கொடுப்பார்கள். அதை அப்படியே சொன்னேன்.

அந்த அம்மாள் சிரித்தார். அவர் பெயர் சவேரியம்மாள். "எல்லாம் இந்தக் கல்லு குடுக்குற தண்ணிதான். இது நிக்கிறவரைக்கும் கடல் அங்கன, நாங்க இங்கன. இதை வெட்டிட்டாகன்னா கடல் உள்ள வந்துரும். பெறகு நாங்க எங்கன போக?" என்றார்.

வெட்டப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காளவாய்க் குத்தகைக்காரர் ஒருவர் இந்த மேட்டையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். கிழக்குக் கோடியில் பாதி மேடு ஏற்கெனவே காலியாகிவிட்டது. இங்கே வந்து வேலை நின்றுபோனதற்குக் காரணம் ஒரு சங்கு என்றார் சவேரியம்மாள். "வாங்க, காட்டுறேன்."

மேட்டின் உள்முகத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு குழி. சுற்றிலும் குங்குமம், காய்ந்த பூ. குழிக்குள் அச்சு அசலாகச் சங்கின் வடிவம். சுற்றுக்கள், வாய், வால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நம் கண்ணில் படுகிற சங்கெல்லாம் இடம்புரி. அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றி, எதிர்ப்பக்கம் வாய் திறந்திருப்பது வலம்புரி. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்கள் ஆயுள் முழுக்கத் தேடியும் காணாத பொருள் அது. கல்லில் இருந்தது வலம்புரி.

அதைக் கண்டுபிடித்தவர் சவேரியம்மாளின் கணவர் அந்தோணிமுத்து. சங்கு குளித்துக் குளித்துக் காது இரண்டும் போன கிழவர். மேட்டின் நிழலில் வலை முடிந்துகொண்டிருந்தார். சவேரியம்மாள் அவர் தோளில் கிடந்த துண்டை ஓர் இழு இழுத்தார். அவர் உடனே எழுந்து வந்தார். கடலுக்குள் இருந்த காலத்தில் படகிலிருந்து கயிற்றை அப்படி இழுத்தால் மேலே வா என்று அர்த்தமாம். காது போன பிறகு வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது.

"எம்புட்டோ சங்கு எடுத்திருக்கேன். ஒண்ணுகூட வலம்புரி இல்ல" என்று காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார் அந்தோணிமுத்து. "கடசியில கடலுக்கு வெளிய, கல்லுக்குள்ள காட்டுனாரு ஆண்டவரு."

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைக் கும்பிட்டுவிட்டு இராமேசுவரம் போகிற யாத்திரைக்காரர்கள் கேள்விப்பட்டு, இங்கும் வந்து பூ வைக்க ஆரம்பித்தார்கள். கல் உடைக்க வந்தவர்கள் சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்து உழவர்கள். மழை இல்லாமல் ஊரைவிட்டு வந்தவர்கள். வலம்புரி இருக்கிற கல்லில் கடப்பாரை வைக்க மாட்டோம் என்று அவர்கள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். இந்துக்களின் பயத்தில் கிறிஸ்தவக் குடிசைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தது. பூ வாடினால் எடுத்துப் போடுவதும் அந்த இடத்தைப் பெருக்குவதும் சவேரியம்மாள்தான்.

"இப்ப குத்தகைக்காரரோட மேஸ்திரி என்ன சொல்றாருன்னா, இது எங்க வீட்டு ஆளு உளி வச்சுக் கொத்துனதாம். பொய்ச் சங்காம். ஆளுக மனசு கலஞ்சு கெடக்கு" என்றார் சவேரியம்மாள். "நீங்க படிச்சவுக, சீமையில இருந்து வந்தவுக. நாளைக்கு ஆளுக முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க. இது மனுசன் கொத்துனதில்லன்னு."

அதற்கென்ன, சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்வதற்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது, அந்த ஆள் நான் என்பதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் விளமீன் குழம்பு. தேங்காய்ப்பால் விடாமல் புளியில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் இதைக் குழம்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை கல் உடைக்கிறவர்கள் மேட்டருகே கூடியிருந்தார்கள். சலவை வேட்டி கட்டிய மேஸ்திரி ஒரு பாறை மேல் ஏறி நின்றார். எனக்கு வகுப்பறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"இது ஒருத்தரும் கொத்தினதில்லை. உளி பட்டால் இந்தக் கல்லிலை பால் மாதிரி வெள்ளைத் தழும்பு விழும். இதிலை அப்பிடி ஒண்டும் இல்லை, வடிவாப் பாருங்கோ. முந்திக் கடல் இங்கை நிண்ட காலத்திலை இதுக்குள்ளை ஒரு உயிருள்ள சங்கு கிடந்தது. அதைச் சுத்திக் கல்லு இறுகிப்போச்சு. பிறகு சங்கு கரைஞ்சுபோக, அது கிடந்த இடம் மட்டும் குழியா நிக்குது" என்றேன்.

அவர்களுக்கு என் தமிழ் பாதிதான் புரிந்தது. காதர் மீதியை மொழிபெயர்த்தார். மேஸ்திரியின் முகம் சுருங்கியது. சிக்கல்காரர்களில் பெரியவர் ஒருவர் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காரியம் அங்கேயே முடிந்திருந்தது. நான் அப்போதே வண்டியில் ஏறியிருக்கலாம்.

சவேரியம்மாள் நான் சொன்னதைக் கணவருக்குக் கையால் விளக்கிக்கொண்டிருந்தார். சங்கு, குழி, கரைந்துபோனது. கிழவரின் முகம் மலர்ந்தது. "அப்ப குழியில மெழுகு ஊத்துனா, கெடந்த சங்கு அப்பிடியே வருமில்ல?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

"வரட்டும்யா, பாப்போம்" என்றார்கள் இரண்டொருவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழி என்பது அச்சு. ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும்; காகிதத்தில் குத்தினால்தான் நேராகும். குழியில் வலம்புரியாகத் தெரிந்தால், அதற்குள் கிடந்த சங்கு இடம்புரி. முந்தின நாளே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். சிப்பியையும் பவளத்தையும் பார்த்த குதூகலத்தில் இதை யோசிக்கவே இல்லை.

"வேண்டாமம்மா, மெழுகு பட்டால் கல்லு வெடிச்சுப்போகும்" என்று சவேரியம்மாளிடம் சொன்னேன். காரணம் அதுவல்ல என்பதால் குரல் தடுமாறியது.

"வெடிக்காது சார். நல்லெண்ணெய் தடவித்தான ஊத்துவாக" என்றார் அவர். "மேஸ்திரி வாய் அடையணும். முழுச் சங்க எல்லாரும் கையில வாங்கிப் பாக்கட்டும்."

தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று எண்ணினேன். மேஸ்திரி எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த தைரியத்தைப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவர் கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை ஒரு மடி நிறையக் கொண்டுவந்துவிட்டார். இவர்கள் கோவில் என்பது மாதா கோவில். மேட்டருகிலேயே அடுப்பு மூட்டி, சட்டியில் மெழுகை உருக்கினார்கள். குழியை எண்ணெய் தடவித் துடைத்து, அதன் வாயில் களிமண்ணால் அணை கட்டி ஊற்றினார் அந்தோணிமுத்து. கை நடுக்கம் இல்லாத மனிதர். மெழுகு இறுகும் வரை எல்லோரும் மேட்டின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். எனக்கும் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

கத்தி நுனியால் நெம்பி அதை எடுத்தபோது ஒரு நொறுங்கல்கூட இல்லாமல் வந்தது. கிழவர் பார்க்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் வாயைத் தடவினார். தண்ணீருக்கடியில் இருட்டிலும் சங்கைத் தொட்டே எடுத்த விரல் அது. அந்த விரல் நின்றுவிட்டது. மறுபடி ஒரு தரம் தடவினார். பிறகுதான் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இடம்புரிதான்" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அது ஒரு தரம்தான்.

கை மாறி மாறி மெழுகுச் சங்கு எல்லோரிடமும் போயிற்று. அச்சு என்றால் திரும்பித்தான் வரும், ஆனால் சங்கு உண்மை, காலம் உண்மை, இந்தக் கல்லை விட்டால் இப்படி ஒன்று கிடைக்காது என்று நான் என்னென்னவோ சொன்னேன். காதர் மொழிபெயர்க்கவில்லை, காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். சிக்கல் பெரியவர் என்னிடம் வந்து, கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப இது தெனமும் கடல்ல எடுக்குற சங்குதானய்யா?"

நான் ஓம் என்றேன். யாரும் நமசிவாய என்று முடிக்கவில்லை.

சவேரியம்மாள் கணவரின் துண்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். கிழவர் அவர் பின்னால் நடந்து போனார். மெழுகுச் சங்கு அவர் கையிலேயே இருந்தது.

நாலாம் நாள் நான் ஊர் திரும்பினேன். பெட்டியில் சிப்பிக் கல்லும் பவளக் கல்லும் நிறையவே இருந்தன. அதே சுங்க அதிகாரி. "சொந்தக்காரங்களைப் பாத்தாச்சா சார்?" என்று கேட்டார். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. பார்த்தாயிற்று என்றேன்.

அடுத்த வருடம் மதுரையில் ஒரு கலியாணத்துக்காக மறுபடி கடல் தாண்டினேன். பாம்பனில் இறங்காமல் போய்விட முடியவில்லை. காதர் வண்டி பூட்டினார். வழியில் சக்கரம் எங்கும் இறங்கவில்லை; கல் வண்டிகள் போய்ப் போய்ப் பாதை இறுகியிருந்தது. "நான் அந்த மேட்டுக் கல்ல ஏத்தல சார். அல்லா அறிய ஏத்தல" என்று கேட்காமலே சொன்னார். "ஆனா ஏத்த வேற வண்டி இல்லாமலா போச்சு?"

மேடு இருந்த இடத்தில் நீளமாக ஒரு பள்ளம் கிடந்தது. அதில் கடல் வந்து நின்றது. நான்கைந்து குடிசைகளைக் காணவில்லை. மதுரையில் எந்தக் கலியாண வீட்டுச் சுவரில் அந்தப் பவளமும் சிப்பியும் சங்கு கிடந்த குழியும் வெள்ளையாகப் பூசப்பட்டிருக்கின்றனவோ தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூட அலுமாரியில் நான் கொண்டுபோன துண்டுகள் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் முதலைக்குட்டியைத்தான் பார்க்கிறார்கள்.

சவேரியம்மாள் இருந்தார். என்னைக் கண்டதும் "வாங்க சார்" என்று பழையபடியே வரவேற்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தோணிமுத்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு மாடம். அதில் அந்த மெழுகுச் சங்கு வெயில் சூட்டில் சற்று இளகிச் சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் சவரம் பண்ணும் கண்ணாடி ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார். விரலால் சங்கைக் காட்டவில்லை, கண்ணாடியைக் காட்டினார்.

"பாத்தீகளா? வலம்புரி" என்றார்.

கண்ணாடிக்குள் அது வலம்புரியாகத்தான் இருந்தது. நான் தலையாட்டினேன். இதைத்தானே கல்லிலும் பார்த்தோம் என்பது போல என் தோளில் தட்டினார்.

வெளியே வந்ததும் சவேரியம்மாள் செம்போடு நின்றார். கொடுக்கவா வேண்டாமா என்று தயங்கினார். "ரயில் டேசன்ல இருந்து கொண்டாந்த தண்ணி காலையிலயே தீந்துபோச்சு. இது ஊத்துத் தண்ணிதான்" என்றார்.

வாங்கிக் குடித்தேன். முதல் மிடறிலேயே தொண்டை மறுத்தது. நிறுத்தாமல் செம்பு காலியாகும் வரை குடித்தேன்.

"உப்புத் தெரியுதா சார்?"

"இல்லையம்மா. நல்லாத்தான் இருக்கு."

காது கேளாத அந்தோணிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, கரையெல்லாம் கேட்கிற அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

"பொய் சொல்றாரு. அன்னைக்குச் சொல்லத் தெரியல பாரு."